மூன்று ஸ்கோன்

வாழ்க்கையில் முதல்முறையாக அடுப்பங்கரைக்குள் நுழைந்த தபால்காரர், திராட்சையும் பாதாமும் போட்டு ஸ்கோன் என்ற இனிப்பு ரொட்டி சுட்டுக் காலை உணவாக மனைவியின் முன் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதங்க!" என்று அவள் ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கைக்குப் பேக்கரியே வைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டியபடி ஒன்றை எடுத்துக் கடித்தார். ஒரே கரிப்பு! சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியிருந்தார்.

கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக இவள் சமையலில் குற்றம் கண்டுபிடித்தோமே, நாமெல்லாம் ஒரு மனுஷனா? நமக்காக மூன்றைத் தின்றிருக்கிறாளே!

மன்னிப்புக் கேட்க உள்ளே போனார். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஜலதோஷம் விட்டுடுச்சு டாக்டர். ஆனா நாக்குல இன்னும் ருசியே தெரியல. இப்பக்கூட இவர் செஞ்சதுல மூணு தின்னேன். இனிப்பா, உப்பான்னே தெரியல!"