மிச்சக் கண்ணாடி

அந்தத் தையல்காரிக்கு அளவு தப்பினதே கிடையாது. எதிர்வீட்டார் கண் படாமல் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். திரை வாங்க வசதியில்லை, பாவம். மூன்றாம் மாடி ஜன்னலில் எட்டுக் கண்ணாடி. துணி வெட்ட வரையும் தாளில் எட்டுத் துண்டு வெட்டி, பசை தடவி ஒட்டினாள். ஒரு கண்ணாடி மிச்சம் நின்றது. அதையும் ஒட்டினாள். மறுபடி ஒன்று நின்றது.

குழந்தையோடு எதிர்வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"எட்டும் மூடியாச்சே அக்கா. உங்க வீட்டு ஈ கூட இங்க தெரியாது," என்றாள் அந்த வீட்டுக்காரி.

நிம்மதியாகத் திரும்பி வந்தாள். மிச்சக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கழுத்தில் அளவு நாடாவும் இடுப்பில் குழந்தையுமாக ஒருத்தி தாளை நீவி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரோ பாக்கறாங்கடா கண்ணு," என்று அந்தப் பக்கம் நின்றவள் தன் குழந்தையிடம் சொன்னாள்.

தாள் கச்சிதமாக மூடியது. தையல்காரி தொட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம் உலர்ந்திருந்தது. பசை வெளியே வழிந்துகொண்டிருந்தது.