நூற்றில் ஒரு பெயர்

எதிர்வீட்டு விகர்ணனிடம் யாராவது பெயரைக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். சிலிண்டர் போட வருகிறவர்கூடத் தப்ப முடியாது. "கௌரவர் நூறு பேர்ல ஒருத்தன். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துட்டு வந்தப்ப, எழுந்து நியாயம் கேட்ட ஒரே தம்பி. வாக்காளர் பட்டியல் முழுக்கத் தேடுங்க, இன்னொரு விகர்ணன் கிடைக்க மாட்டான்." எனக்கு வேறு வேலை என்ன, தேடியும் பார்த்தேன். கிடைக்கவில்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் இனி லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒரு தீர்மானம். முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறப்போகிற செங்கமலம்தான் எங்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். விகர்ணன் வீட்டில் பத்து வருஷமாக வேலை செய்கிறாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம்.

"ஆட்சேபணை இருக்கறவங்க எழுந்து சொல்லலாம்" என்றார் செயலாளர்.

எல்லாத் தலைகளும் விகர்ணன் பக்கம் திரும்பின. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், சபை கூடியிருக்கு" என்று மெல்ல எடுத்தும் கொடுத்தேன்.

அவர் எழுந்தார். செங்கமலம் தட்டைக் கீழே வைத்தாள்.

நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "என்ன புழுக்கம்" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. செங்கமலம் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே காலி டம்ளர்களை எடுத்தாள். எங்களை எதற்குப் பார்க்கிறாளாம்? எங்களுக்கெல்லாம் தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருக்கிற பெயர்தானே.