பொட்டு வைத்த கார்டு

"என்னங்க, ஸ்கோர் வந்துடுச்சா? நான் மெஷினைத் தள்ளிக்கிட்டு வரலாமா?"

சமையலறையிலிருந்து வந்த மாளவிகாவின் குரலில் இருந்த குஷி அச்சுதனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அவசரப்படாதே! டெஸ்ட் ஓடிக்கிட்டிருக்கு இல்ல?"

புதுசாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டால் டெஸ்ட் ஸ்கோர் பழசைவிட இரண்டு மடங்கு வரும் என்று மனைவியிடம் வீறாப்பாகப் பந்தயம் கட்டியிருந்தான். வராவிட்டால் கம்ப்யூட்டர் பரணுக்குப் போகும், ஜன்னலோர மூலை அவளுடைய தையல் மெஷினுக்கு. அந்தச் செம்பாக்கம் ஃபிளாட்டில் காற்று வருகிற மூலை அது ஒன்றுதான்.

திரையில் காடு, மழை, நெருப்பைக் கக்கும் பறவை என்று ஒரே அமர்க்களம். விளையாட்டு எதுவும் கிடையாது, கார்டைப் படாதபாடு படுத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ வந்தது. அதையெல்லாம் யார் படிப்பது? அச்சுதனுக்கு அந்த எண்தான் வேண்டும்.

எண் வந்தது. எட்டாயிரத்துச் சொச்சம். பழைய கார்டுக்கு வந்த அதே எட்டாயிரத்துச் சொச்சம்!

"சூடாயிருக்கும்" என்று பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை வைத்து மறுபடி ஓட்டினான். அதே எட்டாயிரம்.

"வோல்டேஜ் கம்மி போல. மாளு, அந்த ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் ஆஃப் பண்ணேன்!"

"மாவு பொங்கிடும். உங்க ஸ்கோருக்காக நாளைக்கு நான் புளிச்ச இட்லி சாப்பிடணுமா?"

நேற்று ஆயுத பூஜைக்கு இரண்டு கார்டையும் அவளிடம் கொடுத்துச் சாமி முன்னால் வைக்கச் சொல்லியிருந்தான். பழசை அவனே துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, அசல் இரட்டைப் பிள்ளைகள். நல்லவேளையாக மாளவிகா ஒன்றுக்கு மட்டும், பெயர் ஸ்டிக்கரே தெரியாதபடி சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தாள். காலையில் அந்தப் பொட்டைக்கூடத் துடைக்காமல் பயபக்தியோடு கம்ப்யூட்டரில் மாட்டினான். பொட்டில்லாததைப் பேப்பரில் சுற்றி, "பழசுதான், வச்சுக்கடா" என்று ஆபீஸ் நண்பன் ஷெர்வினுக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டான். இவ்வளவு செய்தும் இப்படியா கழுத்தை அறுக்கும்?

போன் அடித்தது. ஷெர்வின்தான்.

"அண்ணா! இன்னாண்ணா இது, பழசுன்னு குடுத்தீங்க, பிச்சிக்கினு போவுது! ஸ்கோரு பதினேழாயிரம்! எங்க அனகாபுத்தூர்லயே இப்ப நான்தான் டாப்பு. இனிமே நீங்க கேட்டாலும் தர மாட்டேன், சொல்ட்டேன்!"

அச்சுதன் போனை வைத்துவிட்டுத் திரும்பினான். மாளவிகா தையல் மெஷினோடு ஹாலுக்கே வந்துவிட்டிருந்தாள்.

"மாளு... நேத்து பொட்டு வச்சியே, அது புதுசுக்குத்தானே?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஆறு வருஷமா மாடா உழைச்ச பழசுக்குத்தான் வச்சேன், இன்னும் ஒரு வேலையும் பார்க்காத புதுசுக்கு எதுக்குங்க ஆயுத பூஜை?"