கல் நட ஓர் இடம்

“சார், இந்த வருஷம் கல்லோட வந்திருக்கேன். கார் டிக்கியில இருக்குது. அம்மாவ வெச்ச எடத்த மட்டும் காட்டிடுங்க, போதும்.”

சொல்லிவிட்டுக் கலையரசன் காலில் விழுந்தான். வருடா வருடம் விழுவதுதான். ஆனால் இந்தத் தடவை அவனைத் தூக்கி நிறுத்த இருசப்பனுக்குக் கை வரவில்லை.

இருசப்பன் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் உடல்களை அடக்கம் செய்கிற இடத்தில் நின்று கையெழுத்துப் போடும் வேலை அவருக்கு. கலையரசனின் அம்மா ராஜம்மாள் அப்படி வந்து சேர்ந்தவள். ஒரே பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. ஈ-பாஸ் கிடைக்கவில்லை, பார்டரில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அன்றைக்கு இருசப்பன் அவனிடம் சொன்னது இதுதான்: “அழாதப்பா. பையை லேசா தொறக்கச் சொல்லி வாய்க்கரிசி போட்டேன். பால் ஊத்தினேன். மொகத்த மலைப்பக்கம் திருப்பி வெச்சிருக்கேன். புள்ள ஸ்தானத்துல நின்னு எல்லாம் செஞ்சிட்டேன்.”

அத்தனையும் பொய்.

குளோரின் போடாத தண்ணீர்த் தொட்டிக்குப் போட்டதாகக் கையெழுத்துக் கேட்டால், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிற மனிதர் அவர். அதனாலேயே ஆபீசில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. அப்பேர்ப்பட்டவர் சொன்ன ஒரே பொய், நாலு வருடமாகப் பழத்தட்டோடு வீடு தேடி வந்து காலில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் உண்மையைச் சொல்லிவிட நினைப்பார். அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“போய்க் காட்டிட்டு வாங்களேன். இங்க இருக்குது அந்த எடம். இதுக்குப் போயி என்னா யோசனை?” என்றாள் மனைவி ரேணுகாம்பாள், காபியை வைத்தபடி.

“முட்டி வலிக்குது.”

“பௌர்ணமிக்கு மலை சுத்தினப்ப வலிக்காத முட்டி, இன்னைக்குத்தான் வலிக்குதா?”

தப்பிக்க வழியில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

வேங்கிக்கால் ஊரைத் தாண்டும்வரை கலையரசன் வாய் ஓயவில்லை. “எத்தினியோ பேர் போனாங்க சார். எங்கம்மாவுக்கு மட்டும்தான் உங்க கை கெடச்சுது. வீட்ல அடிக்கடி சொல்லுவேன், அந்த மனுஷன் மட்டும் இல்லன்னா நான் பைத்தியமா திரிஞ்சிருப்பேன்னு.”

இருசப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நன்றியைக் கேட்பதற்கு, நாலு பேர் நடுவில் செருப்பால் அடி வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

இடுகாடு முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் கிடந்தது. கலையரசன் மூச்சு வாங்கக் கல்லைத் தூக்கி வந்து இறக்கினான். கருங்கல்லில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் வெட்டியிருந்தன. கடப்பாரைகூடக் கொண்டுவந்திருந்தான்.

“எங்க சார்?”

ஏதாவது ஓர் இடத்தைக் கைகாட்டிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இருசப்பன் கையைத் தூக்கவும் செய்தார். ஆனால் அங்கே இருப்பது வேறு யாரோவாக இருந்தால்? பாவம், ஆயுசுக்கும் இந்தப் பையன் யார் தலைமாட்டிலோ விளக்கேற்றிக்கொண்டிருப்பானே. தூக்கிய கை தானாக இறங்கிவிட்டது.

“எனக்குத் தெரியாது தம்பி.”

“முள்ளு மண்டிக்கினு இருக்குதில்ல, அதான். நிதானமா பாருங்க.”

“அதில்லப்பா. அன்னைக்கே தெரியாது.” அவர் கேட் பக்கம் திரும்பினார். “ஒரே வண்டியில நாலு பேர் வந்தாங்க. நாலும் ஒரே மாதிரி கட்டின பை. நான் கிட்டவே போகல. அதோ, அந்தக் கேட்டாண்ட நின்னுக்கினு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அரிசியும் போடல, பாலும் ஊத்தல. எனக்கும் வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதேன்னு பயம். நீ போன்ல அழுவுறத கேக்க முடியாம வாயில வந்தத சொல்லிட்டேன்.”

கலையரசன் கல்லின்மேல் ஒரு கையை ஊன்றி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவன் திட்டினாலாவது பரவாயில்லை என்று பட்டது இருசப்பனுக்கு.

“பாஸ் குடுக்காம உன்ன நிறுத்தினதும் கவர்மெண்டுதான், எனக்குச் சம்பளம் குடுத்ததும் கவர்மெண்டுதான். வரமுடியாத புள்ளைக்கு பதிலா, இங்க இருந்த நான் ஒரு பிடி அரிசியாவது போட்டிருக்கணும். போடாம போட்டேன்னு சொல்லி, நாலு வருஷம் உன்கிட்ட கும்பிடு வேற வாங்கிக்கினேன். என்னை என்னா வேணா சொல்லுப்பா, கேட்டுக்கறேன்.”

மகன் வயதுள்ளவன் முன்னால் இரண்டு கைகளையும் கூப்பினார்.

கலையரசன் எழுந்து வந்து, கூப்பிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

“நீங்க கும்பிடாதீங்க சார். நீங்க கேட் வரைக்குமாவது வந்தீங்க.” அவரைப் பார்க்காமல் சொன்னான். “எனக்குப் பாஸ் முந்தின நாளே கெடச்சிடுச்சி. நீங்க போன் பண்ணப்ப நான் பெங்களூர்லயே இல்ல. இங்கதான், செங்கம் ரோட்டுல ஃப்ரெண்டோட ரூம்ல, உள்ள தாப்பா போட்டுக்கினு உக்காந்திருந்தேன்.”