மாசம் ஒரு போன்

"நல்லாத்தான் இருக்கார்மா. இப்பதான் நடக்கக் கிளம்பினார். லேசா தொப்பைகூட விழுந்திருக்கு. பெல்ட்ல ஒரு ஓட்டை தள்ளிப் போடறார்னா பாத்துக்கோ!"

அம்மா போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்டு, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் அப்படியே நின்றுவிட்டான்.

அப்பா போய் எட்டு மாசமாகிறது.

"யாரும்மா போன்ல?"

"ஆஸ்பத்திரிப் பொண்ணு. மாசா மாசம் பேசுமே."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு இதய வால்வு மாற்றுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தார்கள். தோலுக்கு அடியில் எவ்வளவு கொழுப்பு, வயிற்றுக்குள் எவ்வளவு என்று அதிலேயே அளந்தார்கள். ஒல்லியானவர்கள் எப்படித் தேறுகிறார்கள், பருமனானவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. அதற்காகத்தான் மாதம் ஒரு போன்.

"உடம்புல கொழுப்புன்னு ஒண்ணுமே இல்லையேம்மா. எதை வச்சுத் தாங்குவார்?" என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிக் கேட்ட நாளிலிருந்து, அம்மா அப்பாவுக்கு ஊட்டிவிடாத குறைதான். புது வால்வு நன்றாகவே வேலை செய்தது. உடம்புதான் கடைசிவரை தேறவில்லை.

"ஏம்மா இப்படிப் பொய் சொல்றே? அவங்க ஆராய்ச்சியே தப்பாப் போயிடும். அதை நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு வைத்தியம் பாத்தா?"

அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாளே அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஸ்கேன் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போனோடு ஓர் இளம்பெண்.

"மன்னிச்சுக்குங்க மேடம். எங்கப்பா விஷயத்துல எங்கம்மா உங்ககிட்ட..." என்று மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான்.

"தெரியும் சார். அவர் இறந்த தகவல் டாக்டர் மூலமா அந்த வாரமே எங்களுக்கு வந்துடுச்சு. அவர் பேருக்கு நேரா அப்பவே பதிஞ்சாச்சு. ஆராய்ச்சிக்கு ஒண்ணும் ஆகலை."

"அப்புறம் எதுக்கு போன்?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"துக்கம் விசாரிக்கத்தான் சார் கூப்பிட்டேன். நான் வாயத் திறக்கறதுக்குள்ள, 'ரெண்டு கிலோ ஏறியிருக்கார்மா'ன்னாங்க. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரல்ல. எனக்கு மேல பேச வரலை. இப்ப என் சாப்பாட்டு நேரத்துல, என் சொந்த போன்லேர்ந்துதான் பேசறேன். வேண்டாம்னா நிறுத்திடறேன்."

அவனால் நிறுத்தச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் அருகில் உட்கார்ந்தான்.

"அம்மா... அந்தப் பொண்ணுக்கு எல்லாமே தெரியுமாம்."

"எனக்கும் தெரியும்டா, அதுக்குத் தெரியும்னு. ஆஸ்பத்திரிக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சுமா அப்படிப் பேசறே?"

அம்மா அவன் தலையை மெல்லக் கோதினாள்.

"நான் அழுவேன்னு அவர் சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டே. படத்தைக்கூட உள்ள வச்சுட்டே. உன்மேல தப்பில்லை. ஆனா, எட்டு மாசமா இந்த வீட்ல 'அப்பா'ங்கற வார்த்தையே இல்லையேடா... அந்தப் பொண்ணு ஒருத்திதான் அவர் எப்படி இருக்கார்னு கேக்குது."