பொறுப்பு உத்தியோகத்தர்

“இவங்களை எல்லாம் ஒரு நாளைக்கு இஞ்ச கொண்டு வந்து, ஓகஸ்ட் வெயிலுக்க பஸ் ஸ்டாண்டில நிப்பாட்டோணும்!” என்று சிவசங்கரன் தட்டிய தட்டில் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கிளாஸ் துள்ளியது. அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஹர்ஷினி விழித்து, தானும் அவர் கட்சிதான் என்பதுபோல வீரிட்டாள்.

“ஏழு மாசப் பிள்ளைக்கு ஒரு பாஸ்போட் குடுக்க வக்கில்லை. இதுக்கொரு அரசாங்கம்!”

பார்ப்பவர்களுக்குப் பெற்றவர் அவர்தான் என்று தோன்றும். பெற்றவன் சாருஜன், எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஷார்ஜாவில் அந்த வீட்டின் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவனும் மனைவி வதனாவும் பிள்ளையும். அந்தப் பக்கம் சிவசங்கரன், தொழிற்பேட்டையில் ஒரு உதிரிப்பாகக் கிடங்கில் வேலை.

சாருஜனின் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மூவரும் ஊர் திரும்ப இருபத்தாறு நாள்தான் இருந்தது. அப்பாவும் அம்மாவும் விமானம் ஏறலாம். இங்கே பிறந்த பிள்ளை ஏற முடியாது.

பிள்ளைக்குப் பாஸ்போட் வேண்டுமென்றால், அப்பாவின் பிறப்புப் பதிவை இலங்கையில் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்த வேண்டும். தற்காலிகப் பயணப் பத்திரத்துக்கும் அதையேதான் கேட்டார்கள். சாருஜனின் பெற்றோர் யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய நாளில் எழுதப்பட்ட அந்தப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஐந்து மாதமாக யாரை அழைத்தாலும் ஒரே பதில்: “நடவடிக்கையில் உள்ளது.”

சிவசங்கரன்தான் வழி காட்டினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். அரசாங்கக் கடிதம் மாதிரியே ‘எனது இல’, ‘உமது இல’ என்று இரண்டு பக்கமும் இலக்கத் தலைப்புப் போட்டு, மூன்றே கேள்வியில் முடித்துக் கொடுத்தார்.

“புத்தகம் எங்க? எடுத்துப் பார்க்க என்ன தடை? ஆர் பொறுப்பு, அவற்ற பேர் என்ன? பேர் கேக்கோணும் தம்பி. பேர் வெளியில வந்தால்தான் உதுகளுக்குச் சுரணை வரும்.”

“அண்ணை, நீங்களும் கவர்மென்ட் ஆள்தானே?” என்று வதனா சிரித்திருந்தாள்.

“அது ரெண்டு வருசத்துக்கு முந்தி, பிள்ளை. இப்ப நானும் பொதுசனம். திட்டுறதுக்கு எனக்கும் உரிமை இருக்கு.”

பதில் தர வேண்டிய கடைசி நாள் இன்று. ஹர்ஷினியை ஒருவாறு சமாதானப்படுத்தி முடிக்கவும் சாருஜனின் போன் சத்தம் போடவும் சரியாக இருந்தது. பாய்ந்து எடுத்தவன் முகம் வாடியது.

“சிங்களத்தில அனுப்பியிருக்கிறாங்கள்.”

“தமிழில கேட்டால் சிங்களத்தில பதில். அதுதான் நல்லிணக்கம். கொண்டா இஞ்ச.” சிவசங்கரன் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பதினொரு வருட உத்தியோகத்தில் அவருக்கு மிஞ்சியது அந்த மொழியும் முதுகுவலியும்தான்.

“‘முதலாவது கேள்வி. மேற்படி புத்தகம் உள்ளகச் சுற்றறிக்கையின்படி கிளைக் காரியாலயம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, இரும்பு அலுமாரியில் பாதுகாப்பாக உள்ளது.’ உள்ளகமாம்! எங்களுக்குச் சொன்னால் தேஞ்சு போடுமோ?”

“அப்ப இருக்கு!” வதனா கைகூப்பினாள்.

“‘இரண்டாவது கேள்வி. அலுமாரி பூட்டப்பட்டுள்ளது. பூட்டை உடைக்க அனுமதி கோரி அமைச்சுக்கு எழுதப்பட்டுள்ளது. பதில் கிடைக்கவில்லை.’ பாத்தியே! ஒரு பூட்டை உடைக்க ஒரு அமைச்சு!”

சாருஜனும் சிரித்தான். சாவியின் நினைவு வந்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “திறப்பு ஆரிட்ட இருக்காம் அண்ணை?”

சிவசங்கரனின் கண் அடுத்த வரிக்குப் போனது. கிளையின் பெயர் அதில்தான் இருந்தது. விரல் திரையை மேலே தள்ளியது, கீழே தள்ளியது, மறுபடி மேலே தள்ளியது.

“அண்ணை?”

“‘மூன்றாவது...’” குரலில் இருந்த சூடு இறங்கிவிட்டிருந்தது. “‘பொறுப்பு உத்தியோகத்தர், டொலர் உழைக்கச் சொல்லி அரசாங்கம் குடுத்த சம்பளமில்லாத லீவில வெளிநாடு போயிட்டார். பொறுப்புகளை ஒப்படைக்கேல்லை. இன்னும் மூண்டு வருசத்தில திரும்பினதும் ஆவன செய்யப்படும்.’”

“மூண்டு வருசமோ!” வதனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பேர்?”

“போடேல்லை. தனிப்பட்ட தகவலாம்.”

சாருஜன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றான். அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் கெஞ்சினான்.

“டொலர் உழைக்கப் போனவன் வளைகுடாவில எங்கயாவதுதான் இருப்பான். கட்டாரோ, குவைத்தோ... உங்களுக்கு அந்தப் பக்கத்து ஆக்களைத் தெரியும். கண்டுபிடிச்சுத் தாங்கோ அண்ணை. ஒரு சொல்லு திட்டமாட்டன். கால்ல விழுந்து கேப்பன்.”

அந்த அறையில் சிங்களம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரசாங்கத்தை இன்னொரு தடவை திட்டியிருந்தால், வதனா இன்னொரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பாள்.

சிவசங்கரன் குழந்தையைத் தூக்கி மெல்ல அதன் தாயிடம் கொடுத்தார்.

“கால்ல விழாத தம்பி. திறப்பு என்ர சூட்கேசுக்குள்ள கிடக்கு.”