வண்டியூரில் நிற்கும் ட்ராம்

வண்டியூர் மனையில் நின்ற பழைய கல்கத்தா ட்ராமுக்குள் நான்கு பேர் இருந்தார்கள்: மைதீன் பீவி, மகன் முபீன், மருமகள் சுஃபியா, பழைய இரும்பு வாங்கும் நல்லகாமன். அந்த ட்ராமை ஓட்டிய மைதீன் பீவியின் கணவர் சேக் இஸ்மாயில் மௌத்தாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"வீடு கட்ட எனக்கு வேற இடம் இல்லம்மா. லாரி வந்து நிக்குது, இறங்குங்க" என்றான் முபீன்.

"மாட்டேன்."

"பாய் ஞாபகமா இந்த மணிய மட்டும் கழட்டித் தாரேம்மா" என்றார் நல்லகாமன்.

"ஆமா மாமி, ஷோகேஸ்ல வைப்போம்" என்றாள் சுஃபியா.

மைதீன் பீவி சிரித்தாள். "யாரு ஞாபகமா? கல்கத்தாவுல முப்பது வருசம் இதை ஓட்டுனாரு. பொண்டாட்டிய ஓசியில ஏத்துறான்னு பேரு வந்துருமாம், ஒரு நாள் ஏத்துனதில்ல. டிக்கெட் எடுக்குறேன்னாலும் கேக்கல. ஊரையே ஏத்துவாரு. நான் கறிப்பையோட படியில கால் வைக்கிறதுக்குள்ள மணிய அடிச்சு வண்டிய எடுத்துருவாரு."

மதுரையில் பாட்டி வீட்டில் வளர்ந்த முபீனுக்கு இதெல்லாம் தெரியாது. "ஏலத்துல எடுத்து இங்க கொண்டாந்த பெறகுமா?"

"கதவு போட்டுப் பூட்டிட்டாரு. சாவி அவரு இடுப்புலயே கெடந்துச்சு. நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளயே இத்தா இருந்து முடிச்சு இப்பத்தான் ஏறியிருக்கேன். நீங்க இறங்குங்க."

மூவரும் இறங்கினார்கள். ஏதோ சொல்ல நினைத்துத் திரும்பிய முபீன் படியில் கால் வைப்பதற்குள் மணி அடித்தது. கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டாள் மைதீன் பீவி.